வௌவால் கதவு

முழங்கால் ஆபரேஷன் எல்லாம் இப்போது ரொம்ப நன்றாகச் செய்கிறார்கள், மேடம். முன்பெல்லாம் செய்துகொண்டு வருகிறவர்கள் ஒரு வருஷம் தாங்கித் தாங்கித்தான் நடப்பார்கள். ரோஸ்வித்தா ஷேஃபருக்குப் போன வருஷம் பிப்ரவரியில் கோப்லென்ஸ் ஆஸ்பத்திரியில் வலது முழங்காலை மாற்றினார்கள். திராட்சைக் கொடி பூக்கிற சமயத்தில் அவள் மலை ஏறிக்கொண்டிருந்தாள். டாக்டரை நான் ஒன்றும் குறை சொல்லவில்லை.

அவள் என்று சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். நேரில் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. நேரில் எப்போதும் நீங்கள்தான், ஷேஃபர் மேடம்தான். மனசுக்குள் வெகு நாளாக ரோஸ்வித்தா.

நீங்கள் எங்கள் பள்ளத்தாக்குக்கு வெயில் காலத்தில் வந்திருப்பீர்கள். எல்லோரும் அப்போதுதான் வருகிறார்கள். ரீஸ்பாக் ஓடையோரமாக நடந்து, டோலன்லாய் கோட்டை இடிபாட்டில் ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டு, கீழே மோசல் ஆற்றங்கரையில் ஒயின் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நவம்பரில் வந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கறுப்புச் சிலேட்டுக் கல் பாறை, நடுவில் ஓடை, ஓடைக்குப் பக்கத்தில் என் வீடு. சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் போனால் பிப்ரவரி பாதியில்தான் என் சமையலறை ஜன்னலுக்குத் திரும்பி வரும். என் அப்பா அந்த ஜன்னலைப் பார்த்தபடியே செத்தார். அம்மாவும் அப்படியே. ஒயின் கூட்டுறவில் பாட்டில் அடைக்கிற வேலை பார்த்தேன், அதுவும் நிலவறைதான். வேறு ஊருக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போகத் தோன்றியது, ஒவ்வொரு வருஷமும் தோன்றியது. போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடை மட்டும்தான் எனக்கு மூச்சு. எங்கள் ஊர் நடைச் சங்கத்தில் நான் கடைசி ஆள். அது ஒரு பொறுப்பு, மேடம், கேலி இல்லை. தலைவர் முன்னால் போவார். நான் எல்லோருக்கும் பின்னால் வருவேன். பாதை பிரிகிற இடத்தில் தலைவர் நின்று திரும்பிப் பார்ப்பார். நான் கைத்தடியைத் தூக்கிக் காட்டினால் எல்லோரும் வந்தாயிற்று, போகலாம் என்று அர்த்தம். தலையை எண்ணுகிற பழக்கம் எங்களிடம் கிடையாது. கடைசி ஆள் தடியைத் தூக்கின பிறகு எண்ணிப் பார்ப்பது அவன் முகத்தில் அடித்த மாதிரி.

கடைசி ஆளுக்குப் பள்ளத்தாக்கு தெரியாது. முதுகுகள்தான் தெரியும். எந்தச் சட்டை யாருடையது, எந்தப் பையில் எந்தப் பட்டை தளர்ந்திருக்கிறது, அதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருத்தர் முகத்தையும் நடக்கும்போது நான் பார்த்ததில்லை.

ரோஸ்வித்தா வந்த பிறகு பார்த்தேன். அவளுக்கு முழங்கால் தேய்ந்து போயிருந்தது. முதல் ஏற்றத்திலேயே பின்தங்கி என்னிடம் வந்து சேர்ந்துவிடுவாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படியே நடந்தோம், மற்றவர்கள் சத்தம் முன்னால் எங்கேயோ கேட்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"பவுலி சார், நீங்க முன்னாடி போங்களேன். என்னால உங்களுக்கும் லேட்டு."

"நான் முன்னாடி போனா அப்புறம் கடைசி ஆள் யாரு?"

"அப்போ நான்தான். சம்பளம் ஏதாவது குடுப்பாங்களா?"

இப்படித்தான் பேசுவாள். புருஷன் செத்த கதையை எனக்குத்தான் முதலில் சொன்னாள். மகள் ஸில்கே கொலோனில் வேலைக்குப் போனது, மாப்பிள்ளை சரியில்லாதது, கூரை ஒழுகுவது, எல்லாம் எனக்குத் தெரியும். கால் வலி தாங்காத நாளில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். அவள் கை என் தோளில் இருந்த இடம் வீட்டுக்குப் போன பிறகும் சூடாக இருக்கும்.

ஆனால் கடைசி வரை குடும்பப் பேரைச் சொல்லிப் பவுலி சார்தான். எங்கள் பக்கத்தில் பேர் சொல்லி, நீ என்று பேச ஆரம்பிப்பதற்கு ஒரு முறை உண்டு, உங்களுக்குத் தெரியாததில்லை. பெண்தான் முதலில் கேட்க வேண்டும். ஆண் கேட்டால் அசிங்கம். நான் முறை தவறாதவன். காத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குக் கேட்பாள் என்று நினைத்துக்கொண்டு சட்டையை இஸ்திரி போட்டேன்.

அப்புறம் புது முழங்கால் வந்தது. அதே சமயம் புதுத் தலைவரும் வந்தார், ஃபோல்க்மார். ட்ரியரில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே, "மலையில சாரும் கிடையாது, மேடமும் கிடையாது. நான் ஃபோல்க்மார். நீ எவால்ட்தானே?" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று யாரும் பார்க்கவில்லை.

ஜூன் நடையில் ரோஸ்வித்தா என்னைத் தாண்டிப் போனாள். அவளுக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று முதுகிலேயே தெரிந்தது. "பவுலி சார், பாத்தீங்களா, கல்யாணப் பொண்ணு மாதிரி நடக்கிறேன்" என்று திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். ஜூலையில் முன்வரிசையில் இருந்தாள். ஆகஸ்டில் ஃபோல்க்மாரோடு நடந்தாள். "ஃபோல்க்மார், நீ வேகத்தைக் கொறைடா" என்று அவள் சிரிப்பது, மலை மடிப்பில் பட்டு எதிரொலித்து, பின்னால் வந்துகொண்டிருந்த எனக்குக் கேட்டது. இரண்டு மாதப் பழக்கம்.

ஒயின் திருவிழாவில் வெட்கத்தை விட்டு நானே கேட்டேன். கிளாஸைத் தூக்கி, "ஷேஃபர் மேடம், நாமளும் பேர் சொல்லிப் பேசிக்கலாமா?" என்றேன். அவள் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"ஐயோ பவுலி சார், இத்தனை வருஷம் கழிச்சா? எனக்கு வாயில வராது. உங்களப் போயி நீன்னு சொல்றதா? நீங்க எனக்குப் பவுலி சாராவே இருங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். நான் என் கிளாஸைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இப்போது வௌவால் விஷயத்துக்கு வருகிறேன். டோலன்லாய் கோட்டையில் உருப்படியாக மிச்சம் இருப்பது ஒரு பாதிக் கோபுரமும் அதற்கு அடியில் ஒரு நிலவறையும்தான். குளிர்காலத்தில் வௌவால்கள் அதில் வந்து தொங்கித் தூங்கும். அதனால் அக்டோபர் கடைசி நடை அன்றைக்கு நிலவறையைப் பூட்டிவிட வேண்டும், ஏப்ரல் பிறக்கும் வரை திறக்கக் கூடாது. கனத்த இரும்புக் கதவு. மேலே வௌவால் போய்வர ஒரு கை அகலத்துக்கு இடைவெளி. பூட்டுகிற பொறுப்பு கடைசி ஆளுக்கு, ஏனென்றால் அந்த இடத்தை விட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவன் அவன்தான். சாவி என்னிடம்தான் இருக்கும்.

அன்றைக்குக் கோட்டை முற்றத்தில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். பிறகு ஃபோல்க்மார் கிளப்பிக்கொண்டு போனார். நான் கதவைப் பூட்டப் போனபோது ரோஸ்வித்தா மட்டும் என்னிடம் திரும்பி வந்தாள். பையை இறக்கிக் கதவோரம் வைத்தாள்.

"உங்ககிட்ட மட்டும் நேர்ல சொல்லிட்டுப் போகணும்னு நெனச்சேன். வீட்ட வித்துட்டேன். அடுத்த மாசம் ஸில்கேகிட்ட கொலோனுக்குப் போயிடுறேன். மூணாவது மாடி. இந்தக் காலுக்கு இப்போ மாடியெல்லாம் ஒண்ணுமே இல்ல."

நல்லது என்றேன். 

"உங்களப் பிரியறதுதான் எனக்குக் கஷ்டம், பவுலி சார்" என்றாள். பிறகு கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். "இத்தனை வருஷமா இதுக்குள்ள எறங்கினதே இல்ல, தெரியுமா? படியப் பாத்தாலே கால் நடுங்கும். வௌவால் வந்துடுச்சா? ஒரே ஒரு நிமிஷம் பாத்துட்டு வரேன்."

இறங்கினாள். பாதிப் படியில் நின்று கையிரண்டையும் விரித்துக் காட்டினாள். "பாருங்க, எதையும் பிடிக்காம எறங்கறேன்."

நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். அதைச் செய்யத்தான் நான் அங்கே நின்றேன் என்பதால் கைக்கு அது புதுசாகத் தெரியவில்லை. கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. நிம்மதியாக இருந்தது. சின்ன வயசில் வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு வாசல் தாழ்ப்பாளைப் போட்டால் ஒரு நிம்மதி வருமே, அது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். என் பைக்கு மேலே அது சின்னதாகத்தான் இருந்தது. வழியில் புதர் மறைவில் வைத்துவிட்டுப் போனேன்.

கீழே பாதை பிரிகிற இடத்தில் ஃபோல்க்மார் திரும்பிப் பார்த்தபடி நின்றிருந்தார். நான் தடியைத் தூக்கினேன். அவரும் தூக்கிவிட்டுத் திரும்பி நடந்தார்.

விடுதியில் வெங்காயக் கேக்கும், இன்னும் பொங்கி அடங்காத புது ஒயினும் வைத்தார்கள். ஃபோல்க்மார் கேட்டார், "ரோஸ்வித்தா எங்கப்பா?"

"குறுக்கு வழியா ஸ்டேஷனுக்கு எறங்கிட்டாங்க. மகளப் பாக்கப் போறாங்களாம்."

"சொல்லாமக்கூடப் போயிட்டாளே. பெரிய ஆளாயிட்டா, காலு வந்ததும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கொலோன் போகப்போவது ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் கடைசியாகச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போய்த் திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பின்தங்கியவர்களைக் கூட்டிவருவதுதானே என் வேலை. ஆனால் உட்கார்ந்து யோசித்தபோது வழி அடைபட்டிருப்பது தெரிந்தது. நான் தடியைத் தூக்கியாகிவிட்டது. அவளைக் கூட்டிக்கொண்டு அந்த வாசலில் நுழைந்தால் என் தடி பொய் சொன்னது என்று ஆகிவிடும். அதற்கப்புறம் அந்த ஊரில் நான் யார்? ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போவது?  கேக் தட்டைத் தள்ளி வைத்தேன், மேடம். அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களிலேயே மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான் என்று பட்டது.

அப்புறம் இன்னொன்று தோன்றியது. வெளியே வந்ததும் அவள் என்னைப் பவுலி சார் என்று கூப்பிட்டால் நேரே உங்களிடம் வந்து புகார் கொடுப்பாள். எவால்ட் என்று கூப்பிட்டால் கொடுக்கமாட்டாள். பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆளை மனுஷர்கள் போலீஸில் மாட்டிவிடுவதில்லை. ஆகவே அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திறப்பது என்று முடிவு செய்தேன். அது நியாயமான ஏற்பாடு என்று எனக்குப் பட்டது. இரண்டு பேருக்கும் நல்லது.

திங்கள் காலையில் பிளாஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். என் தடியின் இரும்பு முனை முற்றத்துக் கல்லில் பட்டதுமே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பவுலி சார்? நீங்கதானே? உங்க தடி சத்தம் எனக்குத் தெரியுமே. கதவு தானா சாத்திக்கிச்சு போல. தொந்தரவுக்கு மன்னிக்கணும்."

நான் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பதில் சொல்லவில்லை. சொன்னால் ஏற்பாடு கெட்டுப்போகும்.

"இருட்டுல விழுந்துட்டேன். கால் ஒடஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். புதுசு நல்லாத்தான் இருக்கு, பழைய காலுதான் போச்சு." சிரிக்கவும் பார்த்தாள். கீழே தண்ணீர் தேங்கியிருந்ததாம், உடுப்பெல்லாம் நனைந்துவிட்டதாம். குளிருகிறது என்றாள். காப்பியைக் கொடுக்க எனக்கும் ஆசைதான். அந்த இடைவெளி தலைக்கு மேலே இருக்கிறது, பிளாஸ்க் நுழையாது. நானே குடித்தேன்.

பிறகு ஸில்கேயைக் கூப்பிட்டாள். ஃபோல்க்மாரையும் கூப்பிட்டாள். அது எனக்கு வலித்தது, மறைக்க விரும்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் நான். அன்றைக்கு முழுக்க என்னைப் பவுலி சார் என்றுதான் கூப்பிட்டாள். இருட்டுவதற்குள் இறங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமையும் போனேன், அதுவும் அப்படித்தான்.

செவ்வாய் மாலை ஸில்கே ஊருக்குப் போன் செய்தாள், அம்மா போனை எடுக்கவில்லை என்று; அங்கே அவள் போகவே இல்லை என்பது ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. புதன்கிழமை தேடக் கிளம்பினார்கள். முதலில் ரயில் பாதையோரம், அப்புறம் ஆற்றங்கரை. மத்தியானம்தான் கோட்டைக்கு வந்தார்கள். நானும் வந்தேன், கடைசி ஆளாக. ஃபோல்க்மாரின் நாய் அந்தக் கதவண்டை போய் நின்று குரைத்தது.

தீயணைப்புப் படையிலிருந்து வந்த ஒருத்தர், "இதத் தெறந்து பாத்துடலாமே" என்றார்.

"வௌவாலு தூங்குது. நாய் அதுக்குத்தான் கொரைக்குது" என்றார் ஃபோல்க்மார். "இப்போ எழுப்பினா ஒடம்புல இருக்கற கொழுப்பெல்லாம் செலவாயி, குளிர் முடியறதுக்குள்ள செத்துடும். எவால்ட் உள்ள பாத்துட்டுத்தான் பூட்டியிருப்பான். பாத்ததானே?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன. அவன் தடியத் தூக்கினா தூக்கினதுதான்."

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு விதியை மதித்தால் கடைசி வரை மதிப்பார்கள், அது அவர்களுடைய நல்ல குணம். உள்ளேயும் அப்போது சத்தம் இல்லை.

ஆறு கொண்டுபோயிருக்கும் என்று ஊர் முடிவு கட்டியது. ஸில்கே வந்தபோது என் வீட்டுக்கும் வந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "அம்மா உங்களப் பத்தி நெறைய சொல்வாங்க. பவுலி சார் பின்னாடி வந்தா எனக்கு விழற பயமே இல்லம்பாங்க" என்றாள். புதரிலிருந்து எடுத்துவந்த ரோஸ்வித்தாவின் பை அப்போது என் அலமாரியில் இருந்தது. ஒரு வார் தளர்ந்திருந்ததைத் தைத்து வைத்திருந்தேன். உள்ளே இருந்த ஆப்பிள் அழுகிவிடுமே என்று சாப்பிட்டுவிட்டேன்.

அந்தக் குளிர்காலம் எனக்கு நரகமாக இருந்தது. ஜன்னலில் வெயில் இல்லை, வீட்டில் பேச்சு இல்லை. உடம்பை வேறெங்காவது கொண்டுபோய்ப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் காலையில் கேட்டீர்கள். ஏப்ரல் வரை திறக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எனக்காக நான் அதை மீறவில்லை. ஏப்ரல் பிறந்ததும் வௌவால் கணக்கெடுக்க வருகிற அம்மாவோடு போய், எப்போதும் போல நானே பூட்டைத் திறந்தேன். அந்த அம்மா அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். வௌவால்கள் எல்லாம் நன்றாக இருந்தன, ஒன்றுகூடச் சாகவில்லை. அதைப் பார்த்துச் சொல்ல அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை.

எழுதுகிறவர் பேனாவை மூட வேண்டாம். செவ்வாய்க்கிழமையைப் பற்றி நான் சொன்னது சரியில்லை. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் போய் உட்கார்ந்தபோது அவள் குரல் மிகவும் இறங்கியிருந்தது. கதவில் காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. முதலில் பவுலி சார் என்றாள்.  அப்புறம், "எவால்ட்" என்றாள்.

"எவால்ட், நீ அங்கதான் இருக்கேன்னு எனக்குத் தெரியும். என்ன தப்பு பண்ணியிருந்தாலும் மன்னிச்சுக்க. கதவத் தொற, எவால்ட்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷம், மேடம். சாவியை எடுத்தேன். பூட்டில் நுழைக்கவும் நுழைத்தேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் இன்னும் வேகமாகச் சொல்ல ஆரம்பித்தாள், எவால்ட், எவால்ட் என்று. அம்மா செத்த பிறகு என் பேரை யாரும் அப்படி எனக்காகவே சொன்னதில்லை. கதவோடு கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என் வாழ்க்கையில் இருந்ததே இல்லை. மத்தியானம் வரை சொன்னாள், விட்டு விட்டு.

திறக்கத்தான் நின்றேன். இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லக் கேட்டுவிட்டுத் திறக்கலாம் என்று இருந்தேன், அதற்குள் அவள் நிறுத்திவிட்டாள்.